சர்க்கரை நோய் கருவிழியின் செல்களை என்ன செய்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது. டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் ஒருவரின் அப்பாவுக்கு 62 வயது, 16 வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு கண்ணிலும் புரை. விழித்திரையில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அறுவைக்கு முன் எடுத்த ஸ்பெகுலர் அறிக்கையை (கருவிழியின் உள்பக்கச் செல்களைப் படமெடுத்து எண்ணும் சோதனை) பார்த்த டாக்டர், "கருவிழி செல்கள் கொஞ்சம் பலவீனமா இருக்கு, சுகர்தான் காரணம்" என்றிருக்கிறார். வலது கண்ணுக்கான எண்கள்: செல் அடர்த்தி 2,180, சிவி 42, அறுகோண செல்கள் 41%, நடுப்பகுதியின் கனம் 561 மைக்ரான். கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாதே, அங்கே சர்க்கரை எப்படிப் போய்ச் சேதம் செய்யும், அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் ஒளி ஊடுருவும் கார்னியாவில், ரத்தக் குழாய் இல்லை என்பது உண்மை. ஆக்சிஜனைக் கருவிழி பெரும்பாலும் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸ் மட்டும் உள்ளேயிருந்து வருகிறது. கருவிழிக்குப் பின்னால் நிற்கும் முன்கண் நீரிலிருந்து ஊறி முன்பக்கம் வரை போகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். கருவிழியின் செல்கள் குளுக்கோஸை உள்ளே விட இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் இன்சுலின் இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். கருவிழிச் செல்லுக்கு அந்தத் தடுப்பு இல்லை. வெளியே எவ்வளவு அதிகமோ உள்ளேயும் அவ்வளவுக்கு அதிகம்.

மிதமிஞ்சிய குளுக்கோஸில் ஒரு பகுதியை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. சார்பிட்டால் செல்லைவிட்டு எளிதில் வெளியேறாது. அதைவிட முக்கியமான இழப்பு வேறு. இந்த மாற்றத்துக்கு என்ஏடிபிஹெச் என்ற, செல்லின் வேதிவினைகளுக்கு உதவும் மூலக்கூறு செலவாகிறது. செல்லைப் பாதுகாக்கும் குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதே என்ஏடிபிஹெச்தான் வேண்டும். அங்கே செலவானால் இங்கே தட்டுப்பாடு. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்கும் சக்தி குறைகிறது. இன்னொரு பக்கம், குளுக்கோஸ் புரதங்களோடு நொதி எதுவும் இல்லாமலே ஒட்டிக்கொண்டு, மாதங்கள் வருடங்கள் கணக்கில் பிரிக்க முடியாத பிணைப்புகளாக இறுகுகிறது. இவற்றை ஏஜிஇ என்பார்கள். மெதுவாக மாற்றப்படும் புரதங்கள், அதாவது அடிப்படலங்களும் கொலாஜனும், இதில் அதிகம் மாட்டுகின்றன.

கருவிழியின் நடுக் கனம் சராசரியாக 540 முதல் 550 மைக்ரான், அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். முன்பக்கம் 5 முதல் 7 அடுக்குச் செல்களாலான எபிதீலியம், ஏறக்குறைய 50 மைக்ரான். அதன் கீழே அடிப்படலம், போமன் படலம், பிறகு கனத்தில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரோமா, அதற்குப் பின்னால் டெசிமெட் படலம், கடைசியில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் கொண்ட எண்டோதீலியம். உங்கள் கையில் இருக்கும் அறிக்கை இந்தக் கடைசி அடுக்கைப் பற்றியது.

எண்டோதீலியத்தின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஸ்ட்ரோமாவின் எடையில் ஏறக்குறைய 78% நீர். அந்த அளவு கூடினால் கொலாஜன் இழைகளின் ஒழுங்கு கலைந்து, ஒளி சிதறி, பார்வை புகைமூட்டமாகும். முன்கண் நீர் இடைவிடாமல் உள்ளே கசிகிறது. எண்டோதீலியச் செல்கள் சோடியம் பொட்டாசியம் பம்ப் மூலம் அயனிகளை வெளியே தள்ள, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கசியும் படகில் ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பது போன்ற வேலை. இதற்கு ஆற்றல் நிறைய வேண்டும் என்பதால் இந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா அதிகம். சர்க்கரை நோய் முதலில் கைவைப்பதும் அங்கேதான். பம்ப் மந்தமாகிறது.

மனிதக் கண்ணில் இந்தச் செல்கள் இறந்தால் புதிதாகப் பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் விரிந்து அந்த இடத்தை மூடுகின்றன. இளம் வயதில் சதுர மில்லிமீட்டருக்கு 3,000 அளவில் இருப்பது வருடத்துக்கு ஏறத்தாழ 0.6% வீதம் குறைந்துகொண்டே வரும். 500-க்கு அருகே இறங்கினால் கருவிழி தண்ணீர் கோத்து வெளுக்கத் தொடங்கலாம். 62 வயதில் 2,180 என்பது பயப்படும்படியான எண் அல்ல. டாக்டர் கவலைப்பட்டது அடுத்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான்.

சிவி என்பது செல்களின் பரப்பளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்பதன் அளவு. 30-ஐ ஒட்டி இருப்பது நல்லது, 40-ஐத் தாண்டினால் செல்கள் சமமாக இல்லை என்று பொருள். அறுகோண எண்ணிக்கை 60%-க்கு மேல் இருக்க வேண்டும், 50%-க்குக் கீழே போனால் அழுத்தத்தில் இருக்கும் அடுக்கு. அடர்த்தி ஓரளவு சரியாகவே இருக்க, சிவி கூடியும் அறுகோணம் குறைந்தும் காணப்படுவது நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கும் தோற்றம். அடர்த்தி குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வடிவம் மாறுகிறது, கனம் சற்றுக் கூடுகிறது என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. 561 மைக்ரான் தனியாகப் பார்த்தால் இயல்பு எல்லைக்குள்தான். மற்ற எண்களோடு சேர்த்துப் பார்க்கும்போது, பம்ப் தன் முழுத் திறனில் ஓடுகிறது, கையிருப்பு குறைவு என்று படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்பெகுலர் கருவி எத்தனை செல்களை எண்ணியது என்று அறிக்கையின் ஓரத்தில் இருக்கும். அது 100-க்குக் குறைவாக இருந்தால் சிவியையும் அறுகோணத்தையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அறிகுறி ஒன்று இருக்கிறது. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் ஆக்சிஜன் குறைந்து, கண்ணீர் ஆவியாகாமல், எல்லோருடைய கருவிழியும் ஓரிரு சதவீதம் முதல் நாலு சதவீதம் வரை வீங்கும். எழுந்து சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அப்பாவுக்குக் காலையில் மங்கலாகத் தெரிந்து, பத்து பதினொரு மணிக்குத் தெளிகிறது என்றால் புரை மட்டும் காரணமாக இருக்காது. புரை காலையில் அதிகமாகி மதியம் குறையாது. இதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பலவீனமான எண்டோதீலியம் சும்மா இருக்கும் கண்ணில் வெளியே தெரியாது, அறுவையில்தான் தெரியும். புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேகோ முறையில் அல்ட்ராசவுண்டு ஆற்றல், உள்ளே சுழலும் திரவம், தெறிக்கும் புரைத்துண்டுகள் எல்லாம் சேர்ந்து யாருக்கானாலும் ஒரு பங்கு செல்களைக் கொல்லும். பத்து சதவீதம் இழந்தால் 2,180 என்பது 1,960 ஆகும், அதனால் பார்வைக்கு ஆபத்தில்லை. சர்க்கரை நோயாளிகள் இழப்பது சற்று அதிகம், வீக்கம் வடியவும் நாளாகும். முதல் நாள் கட்டுப் பிரித்ததும் தெளிவாகத் தெரியவில்லையே என்று பதறுபவர்கள் பலர். கருவிழி வடிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதற்றம் வராது.

ஆகவே தள்ளிப்போடாதீர்கள். புரை முற்றட்டும், பிறகு எடுக்கலாம் என்ற பழைய எண்ணம் இந்தக் கண்ணுக்குக் கெடுதல். முற்றிப் பழுப்பேறிய புரையை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும், அந்த அடி முழுவதும் எண்டோதீலியத்தின் மேல்தான் விழும். மென்மையாக இருக்கும்போதே எடுப்பதுதான் மீதமிருக்கும் செல்களைக் காக்கும். ஹைலூரோனேட்டும் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் கலந்த, செல்களின் மேல் பூச்சாகத் தங்கும் வகை விஸ்கோஎலாஸ்டிக் (அறுவையின்போது கண்ணுக்குள் விடும் பிசுபிசுப்பான ஜெல்) பயன்படுத்துவார்களா என்று அறுவை நிபுணரிடம் கேட்கலாம். அது நியாயமான கேள்வி, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது கண்ணுக்குத் தேதி குறிப்பதற்கு முன் முதல் கண்ணின் கருவிழி தெளிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்காக ஹெச்பிஏ1சி-யை (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) அவசர அவசரமாக இறக்குவதும் வேண்டாம். வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் படாரென்று குறைத்தால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாவது உண்டு. நிதானமாகக் குறைப்பது, அறுவை நாளில் சர்க்கரை தாறுமாறாக இல்லாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவு போதும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் கணக்கிடும் அளவையும் சர்க்கரை ஒரு நிலையில் இருக்கும்போது எடுப்பது நல்லது.

இனி எண்டோதீலியத்தைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அது முன்பக்கம், எபிதீலியமும் அதற்குள் ஓடும் நரம்புகளும். உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஸ்பெகுலர் அதைக் காட்டாது.

எபிதீலியம் ஏழு முதல் பத்து நாளுக்குள் தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்ளும். கருவிழியின் விளிம்பில், வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் லிம்பஸ் வளையத்தில் இருக்கும் மூலச்செல்கள் இதற்கு ஆள் அனுப்புகின்றன. அடி அடுக்குச் செல்கள் ஹெமிடெஸ்மசோம் என்ற ஊக்குகளால் அடிப்படலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அடிப்படலத்திலிருந்து நங்கூர இழைகள் கீழே ஸ்ட்ரோமா வரை இறங்கும். சர்க்கரை நோயில் அடிப்படலம் தடிக்கிறது, அதிலுள்ள லாமினின் போன்ற புரதங்கள் சிதைகின்றன, புரதங்களைக் கரைக்கும் நொதிகள் கூடுகின்றன, நங்கூர இழைகள் ஆழமாக இறங்குவதில்லை. பிடிப்பு தளர்ந்த தோல் அது. விழித்திரை அறுவையின்போது பார்வைக்கு மறைக்கிறதென்று எபிதீலியத்தைச் சுரண்டி எடுத்தால், சர்க்கரை நோயாளியின் கண்ணில் அடிப்படலத்தோடு ஒரே தாளாக உரிந்து வருவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருக்கிறார்கள். அப்படி அடிப்படலமும் போய்விட்டால் புதிய செல்கள் பிடித்துக்கொள்ள அடித்தளம் இல்லாமல் புண் ஆற வாரக்கணக்காகும். காயம் பட்டதும் செல்களை நகரவும் பெருகவும் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞையும் உயர்ந்த சர்க்கரையில் மங்கிவிடுகிறது. மூலச்செல்களும் குறைகின்றன.

நரம்புகளின் நிலை இன்னும் தீவிரமானது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக உள்ள இடம் கருவிழி, தோலைவிடப் பல நூறு மடங்கு. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் கண்கிளையிலிருந்து வரும் இழைகள் எபிதீலியத்தின் அடியில் வலையாகப் பரவுகின்றன. தூசி விழுந்தால் சிமிட்ட வைப்பதும், கண்ணீர் சுரக்க வைப்பதும் இவைதான். எபிதீலியச் செல்களுக்குச் சத்தாக இருக்கும் சப்ஸ்டன்ஸ் பி போன்ற வேதிப்பொருள்களைக் கொடுப்பதும் இவைதான். நரம்பு போனால் இந்த மூன்றும் போகும். சிமிட்டல் குறைந்து கண் வறளும், வறண்ட எபிதீலியம் உதிரும், உதிர்ந்ததை ஆற்றும் சத்தும் கிடைக்காது, இத்தனையும் நடக்கும்போது வலி தெரியாது. பலர் தாமதமாக வருவதற்கு இதுதான் காரணம். கண் சிவந்திருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்பதால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். 16 வருடச் சர்க்கரை இருப்பவருக்குச் சிவப்பு இருந்து வலி இல்லை என்பது ஆறுதலான செய்தி அல்ல, அன்றே காட்ட வேண்டிய செய்தி.

கருவிழியின் செல்களையும் நரம்புகளையும் கண்ணிலேயே பெரிதாக்கிக் காட்டும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்தால் இந்த நரம்பிழைகள் மெலிந்து, நீளம் குறைந்து, வளைந்து நெளிந்திருப்பது தெரியும். விழித்திரையில் எந்த மாற்றமும் இல்லாதவர்களிடமும் இது காணப்படுகிறது. கால் நரம்புப் பாதிப்பின் தீவிரத்தோடும் ஒத்துப்போகிறது. அதனால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் கருவிழிக்குச் செல்லாது. அப்பாவுக்குக் காலில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால், கண்ணிலும் அதே கதை ஓடிக்கொண்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்ஃபோகல் எல்லா இடத்திலும் இருக்காது. அது இல்லாமலும் சோதிக்கலாம். சுத்தமான பஞ்சின் நுனியை இழையாகத் திரித்துக் கருவிழியின் நடுவைத் தொட்டு, இமை சிமிட்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். அளவாகத் தெரிய வேண்டுமென்றால் நைலான் இழை உள்ள கோஷே போனே கருவி உண்டு. 6 செ.மீ. நீளத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார்கள், எந்த நீளத்தில் உணர்கிறார் என்பதே கணக்கு. எந்த முறையானாலும் மரத்துப்போக வைக்கும் சொட்டு போடுவதற்கு முன் செய்ய வேண்டும். கூட்டம் உள்ள ஓபிடியில் உள்ளே நுழைந்ததும் கண் அழுத்தம் பார்க்க அந்தச் சொட்டைப் போட்டுவிடுவார்கள். ஆகவே வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். கூடவே ஃபுளோரசின் சாயத் தாள் வைத்து நீல ஒளியில் பார்க்கச் சொல்லுங்கள். எபிதீலியம் உதிர்ந்த இடம் பச்சையாக மின்னும். கண்ணீர்ப் படலம் 10 நொடிக்குள் உடைந்தால் வறட்சி. கண்ணீர்ச் சுரப்பை அளக்க இமையோரம் வைக்கும் ஷிர்மர் தாள் 5 நிமிடத்தில் 10 மி.மீ.க்குக் குறைவாக நனைந்தால் சந்தேகம், 5 மி.மீ.க்குக் குறைவென்றால் கடுமை.

ஸ்ட்ரோமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்க்கரை ஒட்டிய கொலாஜன் இழைகள் குறுக்கே பிணைந்து கருவிழி விறைக்கிறது. அதனால் கண் அழுத்த அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அன்றாடத்தில் இதனால் பெரிய தொல்லை இல்லை.

டெல்லியில் இந்தக் கண்ணுக்கு எதிராக நிறைய விஷயங்கள் வேலை செய்கின்றன. மே, ஜூன் மாதம் வீசும் லூ என்ற அனல் காற்றும் புழுதிப் புயலும், தீபாவளியை ஒட்டிய புகைமூட்டம், ஜனவரியில் மூடிய அறையில் ஓடும் ஹீட்டரும் புளோயரும். புளோயரை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், அறையில் ஒரு வாளித் தண்ணீராவது இருக்கட்டும். ஸ்கூட்டரில் போனால் ஹெல்மெட் வைசரை மூடியே ஓட்ட வேண்டும். கருவிழி நரம்பு மரத்திருந்தால் நேரடியாக மோதும் தூசி அப்பாவுக்கு உறுத்தாது என்பதால், அவர் கண்ணைத் துடைக்கவும் மாட்டார், கழுவவும் மாட்டார். ஹோலி அன்று பொடி வீசும் கூட்டத்துக்குள் போகாமல் இருப்பது நல்லது.

கண்ணில் குலாப் ஜல் (பன்னீர்) விடும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நம் பக்கத்தில் விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால். இவை எதுவும் கிருமி நீக்கியவை அல்ல. எபிதீலியம் உதிர்ந்த கண்ணில் பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைய வழி திறந்தே இருக்கிறது, அந்த வழியில் இவற்றை ஊற்றக் கூடாது. கெமிஸ்டிடம் கண் சிவந்திருக்கு என்று சொல்லி வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பூஞ்சைப் புண்ணில் அதை விட்டால் இரண்டு நாள் சிவப்பு குறைந்து தெளிவதுபோல் தோன்றும், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும்.

டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரை அறுவைக்குப் பின் நெபஃபினாக், கீட்டோரோலாக், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணச் சொட்டுகளைத் தருவார்கள். சர்க்கரை நோயாளிக்கு மாக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) வீக்கத்தைத் தடுக்க அவை உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் எபிதீலியம் பலவீனமாக, உணர்ச்சி குறைந்த கண்ணில் இவை கருவிழியையே கரைக்கும் அளவுக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எழுதிய நாள் வரைதான் விட வேண்டும், மீதி இருக்கிறதே என்று தொடரக் கூடாது, இடையில் ஒருமுறையாவது சாயம் வைத்துப் பார்க்க வேண்டும். செயற்கைக் கண்ணீரை ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பதப்படுத்தி சேர்க்காத வகையைக் கேளுங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி சேர்த்த சொட்டு, தொடர்ந்து விட்டால் எபிதீலியத்தையே அரிக்கும். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் இருக்கக் கூடாது.

இரண்டு வாரமாகியும் ஆறாத எபிதீலியப் புண்ணுக்குப் படிப்படியாக வழிகள் உண்டு. தேவையற்ற சொட்டுகளை நிறுத்துவது முதல் படி. பிறகு புண்ணை மூடும் பாண்டேஜ் லென்ஸ், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த 20% சீரம் சொட்டு, புண்ணின் மேல் வைக்கும் அம்னியான் (பனிக்குடச்) சவ்வு, தேவைப்பட்டால் இமையின் ஓரத்தைத் தற்காலிகமாகத் தைப்பது. நரம்பு வளர்ச்சிக் காரணியான செனெகெர்மின் சொட்டுக்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது, விலை மிக அதிகம். மிகக் குறைந்த செறிவில், பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1 யூனிட் அளவில் கலந்த இன்சுலின் சொட்டும் ஆறாத புண்ணை ஆற்றுவதற்குப் பயன்படுகிறது. மருத்துவமனையில் கிருமியற்ற முறையில் தயாரித்துத் தருவார்கள். வீட்டில் இருக்கும் இன்சுலின் வயலிலிருந்து எடுத்துக் கண்ணில் விடுவது அதுவல்ல, அதில் உள்ள செறிவும் பதப்படுத்திகளும் வேறு, செய்யவே கூடாது.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? போன எண்டோதீலியச் செல் வராது. இறுகிய அடிப்படலம் மெதுவாகத்தான் மாறும். நரம்புக்கு மட்டும் நம்பிக்கை உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோயில் கணையமும் சிறுநீரகமும் மாற்றிப் பொருத்தப்பட்டு, ரத்தச் சர்க்கரை இயல்பான பின், ஒரு வருடத்துக்குள் கருவிழி நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்தது கான்ஃபோகலில் தெரிந்திருக்கிறது.

டெல்லியில் எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் மையம், குரு நானக் கண் மையம், தரியாகஞ்சில் உள்ள ஷ்ராஃப் கண் மருத்துவமனை ஆகியவற்றில் கருவிழிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அறுவைக்கு முன் ஒருமுறை அங்கே காட்டி, உணர்ச்சிச் சோதனையும் சாயச் சோதனையும் செய்து அறிக்கையில் எழுதி வாங்குங்கள். வறட்சியோ உதிர்தலோ இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டு, லென்ஸ் அளவைத் திரும்ப எடுத்து, பிறகு அறுவைக்குப் போகலாம். அதற்குப் பிடிக்கும் சில வாரங்கள் வீணல்ல. அறுவைக்குப் பின் சிவப்பு, நீர் வடிதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தெளிந்த பார்வை மறுபடி மங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சொட்டுப் பாட்டில்களையும், கெமிஸ்டிடம் தானாக வாங்கியது உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.